பூட்டுக்கொல்லரின் மகன்

ஓம் விதியைச் சரிபார்க்கும் பரிசோதனை நடைபெறும் நாளில் நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் ஒரே முறையீடு எழும். அம்மீட்டர் முள் ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது என்று மாணவிகள் சொல்வார்கள். சாவியை அழுத்தியதும் ஓர் அளவைக் காட்டும். குறிப்பேட்டை எடுத்து எழுதப் போவதற்குள் சற்றே இறங்கிவிடும். சிலர் மீண்டும் செய்து பார்ப்பார்கள். வேறு சிலர், புத்தகத்தின்படி வர வேண்டிய எண் எதுவோ அதை எழுதி, வரைபடத்தில் அழகான நேர்கோடு ஒன்றை வரைந்துவிடுவார்கள். அந்த நேர்கோட்டை முதன்முதலில் கண்டவருக்கும் இதே தொல்லை வந்தது. அவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தாம். தொல்லை வந்தபோது அவர் என்ன செய்தார் என்பது நம் மாணவிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஓம் என்ற பெயரைக் கேட்டதும் முதல் நாள் வகுப்பில் ஒரு சிரிப்பொலி எழுவது வழக்கம். இது நம் நாட்டு மந்திரச் சொல் அன்று. ஒரு ஜெர்மானியக் குடும்பத்தின் பெயர். ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் எர்லாங்கன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை யோஹான் வுல்ஃப்காங் ஓம் பூட்டுகள் செய்யும் கொல்லர். தாயார் ஒரு தையற்காரரின் மகள். பிறந்த குழந்தைகள் எழுவரில் நிலைத்தவர் மூவரே: ஜார்ஜ், தம்பி மார்ட்டின், தங்கை ஒருத்தி. ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது தாயார் காலமானார்.

தந்தை எந்தப் பள்ளியிலும் முறையாகக் கற்றவரல்லர். ஆயினும் தாமே நூல்களை வாங்கிப் படித்து, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் வியக்கத்தக்க அறிவு பெற்றிருந்தார். பட்டறை வேலை முடிந்தபின் மகன்கள் இருவருக்கும் கணிதம், இயற்பியல், இரசாயனம், தத்துவம் எல்லாம் அவரே கற்பித்தார். ஊர்ப் பள்ளியில் கிடைத்ததைவிட வீட்டில் கிடைத்த கல்வியே மேலானதாக இருந்தது. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் சிறுவன் ஜார்ஜைச் சோதித்துப் பார்த்து, புகழ்பெற்ற பெர்னூலி குடும்பத்தைப் போல இக்கொல்லர் வீட்டிலிருந்தும் கணித மேதைகள் தோன்றக்கூடும் என்று வியந்தாராம். தந்தைக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

1805-இல் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுது போயிற்று, பாடம் பின்தங்கியது. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் வீணாவதைக் கண்ட தந்தை கொதித்துப் போனார். மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்தி, மகனை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். 17 வயதில் அங்கே ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கத் தொடங்கியவர், ஐந்தாண்டுகள் அந்நாட்டில் இருந்தார். தாமாகவே பெரிய கணித நூல்களைப் படித்தார். 1811-இல் ஊர் திரும்பி, அதே ஆண்டு அக்டோபரில் டாக்டர் பட்டம் பெற்றார். தந்தையின் கோபம் வீண்போகவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பட்டம் வந்தது, உத்தியோகம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றினால் வயிறு நிறையாது என்று கண்டு, 1813-இல் பாம்பெர்க் நகரில் ஒரு சாதாரணப் பள்ளிக்குப் போனார். அந்தப் பள்ளியும் 1816-இல் மூடப்பட்டது. மனம் சோர்ந்திருந்த நிலையிலும் வடிவகணிதப் பாடநூல் ஒன்று எழுதி, அச்சானதும் ஒரு பிரதியைப் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு அனுப்பி வைத்தார். நூல் மன்னருக்குப் பிடித்திருந்தது. 1817 செப்டம்பரில் கொலோன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் கணித, இயற்பியல் ஆசிரியர் பதவி தேடி வந்தது.

நம் கன்னியர்களுக்கும் பெற்றோருக்கும் இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இயேசு சபைக் குருக்கள் வளர்த்த பள்ளி அது. 1773-இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் அச்சபையைக் கலைத்தபின் பள்ளி வேறு கைகளுக்குப் போயிற்று. ஓம் வந்தபோது பிரஷ்ய அரசின் பொறுப்பில் இருந்தது. ஓம் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர். எனினும் ஊரார் வாயில் அது இயேசு சபைப் பள்ளியாகவே இருந்தது. நல்ல கருவிகள் நிறைந்த ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடமும் அங்கே இருந்தது. நகரின் நடுவே புகழ்பெற்ற பேராலயம் பாதி கட்டிய நிலையில், கோபுர உச்சியில் பழைய பாரந்தூக்கியோடு நின்றுகொண்டிருந்தது. அது கட்டி முடிந்தது 1880-இல்தான்.

கொலோனில் ஓம் நல்ல ஆசிரியராகத் திகழ்ந்தார். பின்னாளில் பெருங்கணித மேதையாக விளங்கிய டிரிஷ்லே சிறுவயதில் அங்கே அவரிடம் பயின்றவர். அந்நாளில் 1820-ஆம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து ஒரு செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியது. மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி திரும்புகிறது என்று ஆர்ஸ்டெட் என்பவர் கண்டிருந்தார். பள்ளி வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஓம் இதனை ஆராயத் தொடங்கினார். அவர் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி மிக எளியது: கம்பியை நீளமாக்கினால் மின்சாரத்தின் வலிமை எவ்வளவு குறையும்?

இங்கே சற்று நின்று, மின்சுற்று என்றால் என்ன என்று பார்த்துக்கொள்வோம். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து குழாய் இறங்குகிறது. தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாகத் தண்ணீரைத் தள்ளும். குழாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் வரவு குறையும். மின்சுற்றில் மின்கலம்தான் தொட்டி. அதன் தள்ளும் ஆற்றலை மின்னழுத்தம் என்கிறோம். கம்பி குழாய். கம்பி காட்டும் எதிர்ப்பே மின்தடை. ஓடுவது மின்னோட்டம். சாவி என்பது குழாயைத் திறந்து மூடும் திருகைப் போன்றது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வெட்டிய குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும். வெட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் கொட்டாது. சுற்று முழுமையாக மூடினால்தான் ஓடும். சாவியைத் திறந்தால் இடையிலுள்ள காற்று மிகப்பெரும் தடையாகி, எல்லாம் ஒரே கணத்தில் நின்றுவிடும்.

இன்று இது எல்லாம் நமக்கு ஒன்பது வயதிலேயே விளங்குகிறது. 1820-களில் அம்மீட்டர் இல்லை, வோல்ட்மீட்டர் இல்லை, மின்தடை என்ற தெளிவான கருத்தும் இல்லை. மின்சாரத்தை அளக்க ஓம் தாமே ஒரு கருவி செய்துகொண்டார். காந்த ஊசி ஒன்றை மெல்லிய உலோக இழையில் தொங்கவிட்டு, அதனடியில் கம்பியைச் செலுத்தினார். மின்சாரம் ஓடும்போது ஊசி திரும்பும். மேலேயுள்ள திருகைச் சுழற்றி இழையை முறுக்கி, ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். எத்தனை பாகம் முறுக்கினோமோ அதுவே மின்சாரத்தின் வலிமை. இத்தகைய நுட்பமான வேலைக்குப் பட்டறையில் பழகிய கை வேண்டும். பூட்டுக்கொல்லரின் மகனுக்கு அது இருந்தது.

மின்சாரம் தருவதற்கு அவரிடம் இருந்தது, 1800-இல் இத்தாலியரான வோல்டா கண்டறிந்த வகை மின்கலம்: துத்தநாகம், செம்பு, இரண்டுக்கும் இடையே அமிலம். வினை அங்கேதான் இருந்தது. இக்கலம் வேலை செய்யத் தொடங்கியதும் செம்பின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் படிகின்றன. அக்குமிழிகள் ஒரு திரைபோல் மூடிக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைக்கின்றன. சற்று ஓய்வு கொடுத்தால் வலிமை மீளும்; மீண்டும் இணைத்தால் மீண்டும் விழும். நம் மாணவிகளின் அம்மீட்டர் முள் இறங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். சாவியை அளவெடுக்கும் நொடிக்கு மட்டும் அழுத்துங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதற்காகவே.

ஓம் இயன்ற அளவு திருத்தங்கள் செய்து அளந்தார். 1825-இல் தம் முடிவை அச்சிட்டார். கம்பி நீளும்போது வலிமை குறைவதைக் காட்ட மடக்கை வரும் சூத்திரம் ஒன்றை அதில் தந்தார். அது தவறு. மடக்கைக்கு எல்லையே இல்லை. ஆகவே கம்பியை நீட்டிக்கொண்டே போனால், இருக்கும் வலிமையைவிட இழந்த வலிமை மிகுதியாகிவிடும்! பையில் இருந்த பணத்தைவிடத் தொலைத்த பணம் அதிகம் என்பதைப் போன்றது இது.

அச்சில் வந்துவிட்ட ஒன்றைத் தவறென்று ஒப்புவது எளிதன்று; பல்கலைக்கழகப் பதவிக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் 36 வயது ஆசிரியருக்கு இன்னும் கடினம். ஆனால் அவர் தம் சூத்திரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. மின்கலத்தைத் தூக்கி ஒதுக்கிவிட்டார். இயற்பியல் இதழ் ஒன்றின் ஆசிரியரான பொக்கெண்டார்ஃப், சில ஆண்டுகளுக்கு முன் ஸீபெக் கண்டறிந்திருந்த வெப்பமின் இணையைப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார். இரு வேறு உலோகங்களை இரண்டு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் அச்சுற்றில் மின்சாரம் ஓடும். ஓம் பிஸ்மத் தண்டு ஒன்றின் இரு முனைகளிலும் செம்பைப் பொருத்தினார். ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார்.

இதிலுள்ள நுட்பம் அடுப்படியில் நின்றவர்களுக்கு உடனே விளங்கும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு எத்தனை விறகைத் தள்ளினாலும் அதன் சூடு ஏறாது. சீக்கிரம் வற்றுமே தவிர 100 டிகிரியிலேயே நிற்கும். அதுபோலவே, பனிக்கட்டி முழுவதும் உருகித் தீரும்வரை நீர் 0 டிகிரியிலேயே நிற்கும். இரு முனைகளின் சூடும் மாறாததால் மின்னழுத்தமும் மாறாது. தந்த மின்சாரம் மிகச் சிறிது; ஆனால் நிலையானது. வலிமையான மின்கலத்தால் காட்ட முடியாததை இந்த எளிய மின்மூலம் காட்டியது.

1826 ஜனவரியில் அந்தப் பரிசோதனை நடந்தது. ஒரே பருமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகள். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலங்கள். ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து, ஊசியை நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு முறுக்க வேண்டும் என்று குறித்தார். வேறு நாட்களில் திரும்பச் செய்தார். 130 அங்குலம் என்பது 2 அங்குலத்தைப் போல 65 மடங்கு. மின்சாரம் 65-இல் ஒரு பங்காகக் குறைந்ததா? இல்லை, ஏழில் ஒரு பங்கு அளவுக்கே குறைந்தது. காரணத்தை ஓம் கண்டுகொண்டார். வெளியே தெரியும் கம்பி மட்டும் சுற்று அன்று. பிஸ்மத் தண்டும் இணைப்புகளும் சேர்ந்தே சுற்று. அவற்றின் தடை ஏறத்தாழ 20 அங்குலக் கம்பியின் தடைக்குச் சமமாக இருந்தது. அதையும் கூட்டினால் ஒரு பக்கம் 22, மறுபக்கம் 150. வகுத்துப் பாருங்கள், கணக்கு நேராகிறது. பிறகு கொதிநீரை அகற்றி, இரு முனைகளுக்கும் இடையே சிறிதளவே சூட்டு வேறுபாடு வைத்துச் செய்து பார்த்தார். மின்சாரம் பெரிதும் குறைந்தது. ஆனால் அந்த 20 அங்குலம் மாறவில்லை. தள்ளும் ஆற்றல் வேறு, தடை வேறு என்பது இவ்வாறு புலப்பட்டது. மின்னழுத்தத்தை மொத்தத் தடையால் வகுத்தால் கிடைப்பது மின்னோட்டம். இதுவே ஓம் விதி.

டார்ச் விளக்கின் பழைய செல்லை வோல்ட்மீட்டரில் தனியே வைத்தால் ஓரளவு நல்ல அழுத்தம் காட்டும். விளக்கில் போட்டால் மங்கும். செல் பழசாகும்போது அதன் உள்ளேயுள்ள தடை கூடிவிடுவதே காரணம். ஓம் கண்ட அந்த 20 அங்குலத்தின் உறவுதான் இதுவும்.

மேலும் ஆராய ஓராண்டு விடுப்பு பெற்று, பாதிச் சம்பளத்தில் பெர்லினுக்குச் சென்றார். தம்பி மார்ட்டின் அங்கே இருந்தார். அவரும் கணித அறிஞர். 1827-இல் ஓமின் பெருநூல் வெளிவந்தது. பேராசிரியர் பதவி கிடைக்கும் என்று நம்பியிருந்தவருக்கு அலட்சியமும் கடும் விமர்சனமுமே கிடைத்தன. இயற்கையை ஆழ்ந்த சிந்தனையாலேயே அறிந்துவிடலாம், கம்பியும் ஊசியும் எதற்கு என்ற தத்துவம் அந்நாள் பெர்லினில் செல்வாக்குடன் இருந்தது. ஆனால் பழி முழுவதையும் அவர்கள் மேல் போடுவது நியாயமன்று. அத்தனை தெளிவான பரிசோதனையைச் செய்தவர், நூலில் அதனை முன்னிறுத்தாமல் பக்கம் பக்கமாகக் கணிதத்தை நிரப்பியிருந்தார். அக்கால இயற்பியலார் பலருக்கு அவ்வளவு கணிதம் பழக்கமில்லை. சொல்ல வந்ததைச் சொல்லும் முறையில் அவர் சறுக்கிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

மனம் நொந்த ஓம் 1828-இல் கொலோன் பதவியையும் துறந்தார். ஐந்தாண்டுகள் பெர்லின் பள்ளிகளில் கிடைத்த மணிக்கணக்கு வேலைகளைச் செய்து வாழ்ந்தார். 1833-இல் நியூரம்பெர்க் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தது. இதற்கிடையே ஃபெக்னர் என்ற மற்றொரு ஜெர்மானியர் பரிசோதனைகளைத் திரும்பச் செய்து, விதி சரியே என்று 1831-இல் உறுதி செய்திருந்தார். மெல்ல மெல்லக் காற்று திசை மாறியது. 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டி தன் உயரிய பரிசான காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. சொந்த நாட்டுக்கு முன்னால் அயல்நாடு அவரை அறிந்துகொண்டது.

இங்கிலாந்தின் வீட்ஸ்டன் அந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு புதிய கருவிகளைச் செய்தார். ஆய்வுக்கூடத்தில் நாம் பயன்படுத்தும் ரியோஸ்டாட் அவர் பெயரிட்டது. பீங்கான் உருளையில் சுற்றிய கம்பியின் மேல் ஒரு பிடி நகர்கிறது அல்லவா? பிடியை நகர்த்தும்போது சுற்றில் சேரும் கம்பியின் நீளம் கூடுகிறது அல்லது குறைகிறது. மின்னோட்டம் அதற்கேற்ப மாறுகிறது. ஓமின் எட்டுக் கம்பிகளும் ஒரே உருளைக்குள் வந்துவிட்டதைப் போன்றது இது. மின்தடைப் பெட்டியும் அப்படியே. உள்ளே அளவிட்ட கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. மேலே பித்தளைக் கட்டைகளுக்கு இடையே செருகிகள். செருகி இருக்கும்வரை மின்சாரம் பித்தளை வழியே எளிதாகப் போய்விடும். உருவினால் கீழேயுள்ள சுருளைச் சுற்றித்தான் போக வேண்டும். அதனால்தான் செருகியை எடுத்தால் தடை கூடுகிறது. இதை மாற்றிப் புரிந்துகொண்டு தேர்வில் தடுமாறுபவர்கள் ஆண்டுக்கு நான்கு பேராவது இருக்கிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். 230 வோல்ட்டில் வேலை செய்யும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் நைக்ரோம் கம்பி ஏறத்தாழ 53 ஓம் தடை உடையது. அதில் 4 ஆம்பியருக்குச் சற்று மேலாக மின்சாரம் ஓடிச் சூடேற்றுகிறது. ஃபியூஸ் கம்பி எளிதில் உருகும் உலோகத்தாலானது. தன் அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால், தான் உருகிச் சுற்றை அறுத்துவிடும். இழை கொண்ட பல்பு மட்டும் ஓம் விதிக்கு முரண்டு செய்வதுபோல் தோன்றும். 40 வாட் பல்பு ஒளிரும்போது அதன் தடை 1300 ஓமுக்கு மேல். அணைந்து குளிர்ந்த பின் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. டங்ஸ்டன் இழை வெண்சூடாகும்போது தடை பெருகுவதே இதற்குக் காரணம். சூடு மாறாத வரையில்தான் விதி பொருந்தும். கொதிநீரையும் பனிக்கட்டியையும் தேடிப் பிடித்தவர் இதைக் கேட்டு வியந்திருக்க மாட்டார்.

1849-இல் ஓம் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852-இல் அப்பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார். 22 வயதில் ஆசைப்பட்ட இடம் 63 வயதில் கிடைத்தது. திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர், இரண்டே ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, 1854 ஜூலை 6-ஆம் நாள் மியூனிக்கிலேயே காலமானார். நியூரம்பெர்க்கில் அவர் கற்பித்த கல்லூரியின் வழிவந்த உயர்கல்வி நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு விந்தை வெளியாயிற்று. இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்ற கூச்ச சுபாவமுள்ள செல்வந்தர் 1781-ஆம் ஆண்டிலேயே இவ்விதியைக் கண்டிருக்கிறார். கருவி எதுவும் இல்லாமல், உப்புநீர்க் குழாய்கள் வழியே மின்சாரத்தைத் தம் உடம்பிலேயே செலுத்தி, அதிர்ச்சியின் அளவை உணர்ந்து ஒப்பிட்டிருக்கிறார்! ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய குறிப்பேடுகளை மாக்ஸ்வெல் 1879-இல் பதிப்பித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. பெயர் ஓமுக்கே நின்றது.

1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றுடன் ஓம் என்பதையும் அலகாக ஏற்றது. ஒரு ஓம் என்பதைக் காட்ட, பனிக்கட்டியின் குளிரில் வைத்த, ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள பாதரசத் தம்பம் ஒன்றை வகுத்தார்கள். அதன் நீளம் பின்னர் 106.3 சென்டிமீட்டர் என்று நிர்ணயமாயிற்று. அங்கேயும் பனிக்கட்டி! மின்தடைப் பெட்டியின் மேல் குதிரை லாடம்போல் பொறித்திருக்கும் குறி கிரேக்க எழுத்தான ஒமேகா. அவர் பெயரின் முதலெழுத்தையே போட்டால் பூச்சியத்தோடு குழம்பிவிடும் என்பதால், 1867-இல் பிரீஸ் என்னும் பொறியாளர் இதனைப் பரிந்துரைத்தார். இல்லாவிட்டால் நம் பத்து ஓம் சுருள்களையெல்லாம் மாணவிகள் நூறு என்று படித்திருப்பார்கள்.